காண்டஸா கிளச் தேறுமா

கழற்றின சாமானைக் கொண்டுபோய் மெக்கானிக் ஷம்சுல் ஆலத்திடம் காட்டினால் இரண்டு பதில்தான் வரும். தேறும். தேறாது. 'பாத்து ஓட்டினா ஆறு மாசம் வரலாம்', 'அதெல்லாம் ஒங்க அதிர்ஷ்டம்' என்கிற வழவழா கொழகொழா பேச்சு அவரிடம் கிடையாது. இதனாலேயே கோவில்பட்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. மாற்ற வேண்டியதில்லை, துடைத்து மாட்டலாம் என்று அவர் திருப்பி அனுப்பிய ஆட்கள்தான் அதிகம். ஆனால் தேறாது என்று ஒரு தரம் சொல்லிவிட்டாரோ, அந்தச் சாமானை வண்டிக்காரர் கண்ணுக்கு முன்னாலேயே பட்டறைக்கல்லில் வைத்துச் சம்மட்டியால் ஒரு போடு போட்டு நெளித்துவிடுவார். பழைய இரும்புக்குப் போகிற சாமான் எவன் கையிலாவது சிக்கி, பெயிண்ட் அடிக்கப்பட்டு, இன்னொருத்தன் வண்டியில் ஏறிவிடக் கூடாதாம். பசுவந்தனை ரோட்டில் 'சம்சு அடிச்சிட்டாரு' என்றால் அதற்குமேல் பேச்சில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

இப்பேர்ப்பட்ட மனுசனை இந்த ஐப்பசியில் ஒரு கிளச் வந்து நாலு நாள் தூங்கவிடாமல் செய்தது. அது அய்யாத்துரை அண்ணாச்சியின் காண்டஸா கிளச்.

அய்யாத்துரைக்கு எழுபத்தினாலு வயசு. தீப்பெட்டி ஆபீஸ் நடத்திக் கொடிகட்டிப் பறந்தவர். அதைக் கைமாற்றி விட்டு ஒன்பது வருசமாகிறது. கார் மட்டும் கைமாறவில்லை. முப்பது வருசத்துக்கு முந்தி வாங்கின வெள்ளைக் காண்டஸா. அதற்கு ஷம்சுல் ஆலத்தைத் தவிர வேறு யாரும் ஸ்பானர் வைத்ததில்லை. ஷம்சுல் ஆலம் வேலை பார்க்கையில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கழற்றுகிற சாமானையெல்லாம் கையில் வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவைத்து உருட்டி உருட்டிப் பார்த்து, 'இது ஏன்லே இப்படித் தேஞ்சிருக்கு' என்று தொணதொணத்தே அவருக்குப் பாதி வயசு போனது. வண்டியில் கோளாறு இல்லாத நாளிலும் பதினோரு மணிக்கு ஃபிளாஸ்க்கில் டீயோடு வந்துவிடுவார். சனிக்கிழமையென்றால் கடம்பூர் போளியும் வரும். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குக் கிளம்புவார்.

மாசியில் அவர் சம்சாரம் பத்திரகாளி இறந்துபோனாள். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரர்களெல்லாம் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, பெங்களூரில் இருக்கிற மகன் ஹரி, "அப்பா, எங்ககூட வந்துருங்க" என்று மெல்லக் கேட்டான். நாற்பது பேர் பார்க்க மகன் தன்னைக் கூட்டிக்கொண்டு போகிறதா என்று அய்யாத்துரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அந்தா நிக்கில்லா காண்டஸா, அது ஓடுத வரைக்கும் நான் இந்த ஊரை விட்டு ஒரு எட்டு வைக்க மாட்டேன். அது என்னைக்குப் படுக்குதோ அன்னைக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சம்சு இருக்கிற வரைக்கும் அந்த வண்டி எங்கே படுக்கப் போகிறது என்று ஒருத்தர் சொன்னார். அங்கே ஓரமாக நின்றிருந்த ஷம்சுல் ஆலத்துக்கு, உள்ளதைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் சம்சாரம் அமீனா பீவி போய் நாலு வருசம். ஒரே மகள் ருமானா அபுதாபியில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தால் போனில் பேசுவாள். மற்றபடி பதினோரு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும்தான் அவர் வாயைத் திறந்து மனுசரிடம் பேசுகிற நேரம். மற்ற நேரமெல்லாம் நட்டு, போல்ட்டு, ரேடியோ.

அந்தக் காண்டஸா ஐப்பசி முதல் திங்கட்கிழமை ஒரு லோடு ஆட்டோவுக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுக்கப்பட்டு ஷம்சுல் ஆலத்தின் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் நாலு நாள் அய்யாத்துரை வரவில்லை. போன் போட்டதற்கு ஜலதோஷம் என்றார்.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"இழுக்க மாட்டேங்குலே. எஞ்சின் கெடந்து உறுமுது, வண்டி நவுர மாட்டேங்குது. ஒரு மாசமாவே அப்படித்தான்."

"ஒரு மாசமாவா? தெனமும் இங்கன வந்துட்டுதான போனீய. ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொல்லணும்னு தோணல. விடு."

ஷம்சுல் ஆலம் அவரை ஒரு பார்வை பார்த்தார். தினமும் இதே வாசலில்தான் அந்த வண்டி நின்று கிளம்பிப் போகிறது. ஒரு மாசமாகக் கிளச் வழுக்குகிற வண்டியின் சத்தம் அவர் காதில் விழாமல் போயிருக்குமா? வயசானவர், நாள் கணக்குத் தப்பியிருக்கும் என்று விட்டுவிட்டார்.

"புதுசு கெடைக்காதே அண்ணாச்சி. போன வருசமே மதுரை, கோயமுத்தூருன்னு எல்லா எடத்துலயும் கேட்டுப் பாத்தாச்சு. இந்த வண்டிக்குச் சாமான் வாரதே நின்னு போச்சுங்கான்."

"அதான் நானும் சொல்லுதேன். உள்ளது தேறுனா வண்டி ஓடும். தேறலன்னா படுக்கட்டும். நீ பிரிச்சுப் பாத்துட்டு உள்ளதைச் சொல்லு."

அவ்வளவுதான். அவருக்கென்று கிடக்கிற நாற்காலியில் உட்காரவில்லை. காரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். வந்த லோடு ஆட்டோவிலேயே முன்பக்கம் ஏறிப் போய்விட்டார். பதினோரு மணிகூட ஆகவில்லை.

சாயங்காலம் ஷம்சுல் ஆலம் சாளைக் கருவாட்டை வறுத்து, காலையில் வடித்த சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது போன் வந்தது.

"மாமா, ஹரி பேசுதேன். சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். சொல்லுய்யா."

"வண்டி வந்துட்டா?"

"வந்துட்டு. நாளைக்குத்தான் கியர்பாக்ஸை எறக்கணும்."

ஹரி குரலைத் தணித்து, "மாமா, ஒண்ணு கேக்கட்டா. தேறாதுன்னு சொல்லிருங்களேன்" என்றான்.

ஷம்சுல் ஆலம் சோற்றுக் கையோடு அப்படியே இருந்தார்.

"அப்பா ஊரைக் கூட்டிச் சொன்ன வார்த்தை மாமா. வண்டி நின்னாத்தான் வருவாவ. வேற எவன் சொன்னாலும் நம்ப மாட்டாவ, நீங்க சொன்னாத்தான். எழுவத்தினாலு வயசுல ஒத்தையில கெடக்காவ. எனக்கு இங்க வேலை ஓட மாட்டேங்குது. போனை எடுக்கலன்னா நெஞ்சு அடிச்சுக்கிடுது."

"ஹரி, ஒன் வயசுக்கு மேல ஆச்சு நான் ஸ்பானரைப் பிடிச்சு. தேறுத சாமானைத் தேறாதுன்னு ஒருநாளும் சொன்னதில்ல. தேறாததைத் தேறும்னும் சொன்னதில்ல. ஒனக்காவ ஒண்ணு, ஒங்க அப்பாவுக்காவ ஒண்ணுன்னு மாத்திச் சொல்ல முடியுமா? நானா சொல்லுதேன்? சாமான் சொல்லுது, நான் வாயைத் தொறக்கேன். அவ்வளவுதான்."

"கோவப்படாதீங்க மாமா."

"கோவமெல்லாம் இல்ல."

கோபம்தான். போனை வைத்த பிறகு சோறு இறங்கவில்லை. நாணயஸ்தன் பேசுகிற பேச்சு நல்ல பேச்சுத்தான். ஆனால் அதில் பாதிதான் நாணயம். மீதிப் பாதி, அண்ணாச்சி போய்விட்டால் பதினோரு மணிக்கு யார் வருவார் என்கிற பயம். அது அவருக்கே தெரிந்திருந்தது. தெரிந்ததனால்தான் குரல் அவ்வளவு உயர்ந்தது. கருவாட்டை மூடி வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

மறுநாள் வானம் மூட்டம் போட்டு இறங்கி நின்றது, மழைதான் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் உளுந்து விதைத்துவிட்டுச் சம்சாரிகள் அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்கள். காற்றே கிடையாது. ஷெட்டுத் தகரத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுவதற்குள் பனியனைப் பிழிந்து காயப்போடலாம் என்றாகிவிட்டது. கியர்பாக்ஸை ஒத்தையில் இறக்க முடியாது. பக்கத்து லேத்துப் பட்டறை இசக்கியப்பனைக் கூப்பிட்டார். அவன் ஐம்பது வயசு ஆள். அளந்து பேச வேண்டும் என்றால் மாட்டான், அளந்து கடைய வேண்டும் என்றால் அவனை விட்டால் ஆள் கிடையாது.

"மொள்ள, மொள்ள. ஜாக்கி சாயுது பாரு."

"நான் பிடிச்சிருக்கேன் பாய், நீங்க இழுங்க."

கியர்பாக்ஸ் விலகியதும் உள்ளேயிருந்து கருகின வாடை வந்து முகத்தில் அடித்தது. இசக்கியப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"போச்சு. பிளேட்டு கரியாயிருக்கும். நீங்க பாக்கவே வேண்டாம்."

"வாடையை வச்சுச் சொல்லக் கூடாதுய்யா. கழட்டிப் பாப்போம்."

போல்ட்டுகளை ஒன்று விட்டு ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, பிரஷர் பிளேட்டையும் கிளச் பிளேட்டையும் வெளியே எடுத்து, விரித்த செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் இரும்பை மட்டும் துடைத்தார். பிளேட்டின் மேல் எண்ணெய்க் கை படாமல் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

இரண்டு பக்கமும் கறுத்து, கண்ணாடி மாதிரி பளபளத்தது. பார்த்தவுடன் யாரும் தூக்கி எறிந்துவிடுவார்கள். ஆனால் அவர் முதலில் பார்ப்பது நிறத்தை இல்லை, ஆணித்தலையை. பிளேட்டில் உரசி இழுக்கிற லைனிங்கைப் பிடித்து வைத்திருக்கிற ஆணிகள் எவ்வளவு ஆழத்தில் முங்கிக் கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும். தேய்ந்த பிளேட்டில் ஆணித்தலை மேலே எட்டிப் பார்க்கும். இதில் விரல் நகத்தை விட்டால் நகம் உள்ளே போனது. அளவுகோலை வைத்துப் பார்த்தார். ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தது. இன்னும் நாலு வருசத்துக்குத் தாங்குகிற கனம். ஸ்பிரிங்குகளை ஆட்டிப் பார்த்தார், ஒன்றும் ஆடவில்லை. கியர்பாக்ஸ் தண்டில் மாட்டி அசைத்துப் பார்த்தார், கிச்சென்று நின்றது. எண்ணெய் கசிந்த தடம் இல்லை. விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தார். அதுவும் இல்லை.

பிரஷர் பிளேட்டில் நீலநீலமாகச் சூடு ஏறின திட்டுகள். ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து இடுக்கில் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்தார். கொஞ்சமே கொஞ்சம் வளைந்திருந்தது. நடுவில் வட்டமாக நிற்கிற விரல் போன்ற தகடுகளின் நுனியில் தேய்மானமே இல்லை. பேரிங்கைக் காதோரம் வைத்துச் சுற்றினார். சத்தமே இல்லாமல் ஓடியது.

"தேறும்" என்றார்.

"கறுத்துப் போயிருக்கே பாய்."

"மேல்தோல்தான் கறுத்திருக்கு. உப்புத்தாளைப் போட்டுத் தேச்சா உள்ள நல்ல லைனிங்கு. பிரஷர் பிளேட்டை நீ ஒரு முடிக்கனம் கடைஞ்சு குடுத்தாப் போதும்."

சொல்லிவிட்டாரே தவிர, கையில் இருந்த பிளேட்டைக் கீழே வைக்கவில்லை. ஒரு மாசமாக வழுக்கின கிளச் என்றால் லைனிங் தேய்ந்து மெலிந்திருக்க வேண்டும். மெலியவில்லை. ஓட்டுகிறவர் எந்நேரமும் கிளச் மேல் காலை வைத்துக்கொண்டு ஓட்டினார் என்றால் அந்த விரல் நுனியெல்லாம் தேய்ந்திருக்கும். அதுவும் இல்லை. நீலத்தின் மேல் துருவோ அழுக்கோ படியவில்லை. பளிச்சென்று புதுசாக இருந்தது. இது ஒரே நாளில், ஒரே மூச்சில் கருகினது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரில் வைத்து, கிளச்சைப் பாதியில் நிறுத்தி ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் இப்படி வரும். தெரியாமல் செய்கிற காரியம் இல்லை. ஆள் மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும், புகை வருகிற வரைக்கும்.

"எவனோ வேணும்னே கருக்கியிருக்கான்" என்றார்.

"எவன் கருக்குவான்? அண்ணாச்சி சாவியை யாருக்கும் குடுக்க மாட்டாருல்லா."

"அதான் வெளங்கல."

கள்ளச்சாவி போட்டு எவனாவது தூக்கப் பார்த்திருப்பானோ என்று ஒரு யோசனை ஓடியது. எப்படியோ வண்டி பிழைத்துக்கொண்டது; அண்ணாச்சியிடம் அதை நேரில் சொல்ல வேண்டும். கையைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினார். போகிற வழியில் ஒரு பொட்டலம் போளி வாங்கினார். செவ்வாய்க்கிழமையில் போளி வாங்குகிற அளவுக்கு மனசு லேசாகியிருந்தது.

புதுக்கிராமத்து வீட்டில் அய்யாத்துரை இல்லை. சமைத்துப்போட வருகிற விஜி மட்டும் அடுப்படி வாசலில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயசுப் பெண்; காலையில் பத்து மணிக்கு வந்து, இரண்டு வேளைக்கும் சேர்த்துப் பொங்கி வைத்துவிட்டு மதியம் போய்விடுவாள்.

"முடிவெட்டப் போயிருக்காவ. உக்காருங்க பாய்."

"இருக்கட்டும். விஜி, நாலஞ்சு நாளைக்குள்ள வண்டியை வேற ஆளு யாரும் எடுத்தாங்களா? பூட்டு கீட்டு ஒடைஞ்சிருந்துச்சா?"

"யாரு எடுக்க? சாவி அவிய இடுப்புலல்லா கெடக்கு. தூங்கையிலயும் அவுக்க மாட்டாவ."

"வண்டி தீஞ்சு போயிருக்கு. அதான் கேக்கேன்."

விஜியின் கத்தி நின்றது. அவரைக்காயையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அது அவியதான் பாய். போன புதன்கெழமை. நான் பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருக்கேன், கார் செட்டுக்குள்ள வண்டி நின்ன எடத்துலயே கெடந்து உறுமுது. வெளிய வரும், வெளிய வரும்னு பாக்கேன், வரல. பொகைன்னா அப்படியாப்பட்ட பொகை. தீஞ்ச நாத்தம் தெரு வரைக்கும் அடிக்கி. ஓடிப்போயி என்ன அண்ணாச்சின்னா, ஒண்ணுமில்ல நீ போங்காவ. கண்ணு ரெண்டும் கோவைப்பழமா இருந்துச்சு. பொகையிலதான்னு நெனச்சேன்."

ஷம்சுல் ஆலம் போளிப் பொட்டலத்தை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றினார்.

"அவியளே எதுக்குச் செய்யப் போறாவ?"

"எனக்கு என்ன தெரியும்?" அவள் கத்தியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். "பாய், யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காவ. நீங்க யார்ட்டயும் சொல்லிராதீங்க. பொரட்டாசியில ஒருநாள் குளிக்கிற ரூம்ல விழுந்துட்டாவ. விடியக்காலம் அஞ்சரைக்கு விழுந்தவிய, நான் பத்து மணிக்கு வந்துதான் பாக்கேன். கொழாய் தொறந்தது தொறந்தபடி ஓடுது. ஒரு பக்கமா ஒடுங்கிக் கெடக்காவ. ஒடம்பெல்லாம் வெரைச்சுப் போச்சு. நான் தலையைத் தூக்குதேன், கண்ணை முழிக்காம, 'யாரு, காளியா'ன்னு கேக்காவ. செத்துப்போன மகராசியைக் கேக்காவ பாய்."

"எனக்குத் தெரியாதே."

"எப்படித் தெரியும்? சட்டையை மாத்திக்கிட்டு, ஃபிளாஸ்க்கை எடுத்துக்கிட்டு அன்னைக்கும் உங்க ஷெட்டுக்கு வந்துட்டாவல்லா. அதுக்கப்பொறம் வெளக்கை அமத்தவே மாட்டேங்காவ. காலையில வந்து பாத்தா வீடு முழுக்க லைட்டு எரியுது."

ஷம்சுல் ஆலம் அந்த நாளை யோசித்துப் பார்த்தார். எந்த நாள் என்றே பிடிபடவில்லை. ஏதோ ஒரு பதினோரு மணி. ஏதோ ஒரு கார்புரேட்டரைப் பற்றிப் பேசியிருப்பார்கள். நாலரை மணி நேரம் ஈரத்தரையில் கிடந்து எழுந்து வந்த மனுசன், முன்னால் உட்கார்ந்து டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறார்; வாங்கிக் குடித்துவிட்டு ஜெட்டு அடைப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார் இவர். அதை நினைக்க அவருக்குத் தன்மேலேயே அசிங்கமாக இருந்தது.

போளியை விஜியிடம் கொடுத்துவிட்டு, வந்ததாகச் சொல்ல வேண்டாம் என்று கிளம்பினார்.

பைக்கை ஓட்டிக்கொண்டு திரும்பி வரும்போது எல்லாம் வரிசையாக விளங்கியது. அண்ணாச்சிக்கு மகனிடம் போக வேண்டும். அந்த வீட்டில் இனி ஒத்தையில் படுக்கப் பயமாக இருக்கிறது. ஆனால் நாற்பது பேர் முன்னால் விட்ட வார்த்தையை விழுங்க முடியவில்லை. வார்த்தையை விட்டது காரின் மேல். அதனால் கார்தான் சாக வேண்டியிருக்கிறது. முப்பது வருசம் ஈ உட்கார்ந்தால்கூடத் துடைத்த காரை, செட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து தன் காலாலேயே மிதித்துக் கருக்கியிருக்கிறார். பாவம், முப்பது வருசம் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்த்தும் பாடம் அரைகுறைதான். பிளேட்டு கறுத்தால் தீர்ந்தது என்று நினைத்துவிட்டார். கனம் இருந்தால் தேய்த்து மாட்டலாம் என்பது தெரியவில்லை.

இதை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று முதலில் வருத்தமாக இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று யோசிக்க யோசிக்க அந்த வருத்தம் வேறு மாதிரி ஆனது. சொன்னால் இவன் வாடிவிடுவான் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. பதினாறாம் நாளன்று ஓரமாக நின்ற தன் முகத்தை அண்ணாச்சி பார்த்திருக்கிறார்.

அதற்கப்புறம் செவ்வாய் சாயங்காலமும் புதனும் அவர் அந்தச் சாமான்களைத் தொடவில்லை. இசக்கியப்பன் இரண்டு தரம் வந்து, "பிரஷர் பிளேட்டைத் தாங்க, கடைஞ்சு போட்டுருதேன்" என்று கேட்டான். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லி அனுப்பினார். புதன் சாயங்காலம் மழை பிடித்தது. நல்ல மழை, தகரத்தில் விழுந்த சத்தத்தில் ரேடியோ கேட்கவில்லை. அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். காண்டஸா கியர்பாக்ஸ் இல்லாமல் நாலு ஸ்டாண்டுக் கட்டையில் நின்றது. தேறும் என்று சொன்னால் சனிக்கிழமை அது ஓடும். அண்ணாச்சி மறுபடி நாற்காலியில் உட்காருவார், வாக்குக்குக் கட்டுப்பட்டு. அப்புறம் ஒருநாள் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். விஜி அன்றைக்கு லீவாக இருப்பாள்.

அவருக்கு அண்ணாச்சி போகக் கூடாது. அதை யாரிடமும் சொல்லத்தான் முடியாது, தனக்குள் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டார். இந்த ஊரில் தன்னை 'ஏலே' என்று கூப்பிட இன்னும் மிச்சமிருக்கிறது ஒரே ஒரு வாய்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார் அய்யாத்துரை. ரோட்டோரக் கரிசல் மண் செருப்பில் அப்பி, இரண்டு கால்களும் கனத்து, தத்தித் தத்தி வந்தார். கையில் ஃபிளாஸ்க் இருந்தது. புதுசாக முடிவெட்டிக்கொண்ட தலை சின்னதாகத் தெரிந்தது. இன்றைக்குத்தான் ஷம்சுல் ஆலம் அவரை ஒழுங்காகப் பார்த்தார். இடது கையை நாற்காலியில் ஊன்றி, பாதி தூரம் இறங்கி, அப்புறம் விழுகிற மாதிரி உட்காருகிறார். எத்தனை நாளாக அப்படி உட்காருகிறாரோ.

"நல்ல மழை."

"ஆமா அண்ணாச்சி. உளுந்துக்கு ஆச்சு."

"செவ்வாக்கெழமை போளி இருந்துச்சே. விஜி வாங்குனேன்னா. அவ எங்க வாங்கப் போறா."

ஷம்சுல் ஆலம் டம்ளர்களை எடுத்து வைத்தார். அய்யாத்துரை இரண்டு டம்ளரில் டீ ஊற்றினார்.

செய்தித்தாளில் சாமான்கள் வரிசையாகக் கிடந்தன. வேறு நாளாக இருந்தால் இந்நேரம் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருக்கும். பிளேட்டு அவர் மடியில் இருந்திருக்கும். 'இது என்னலே நீலமா இருக்கு' என்று ஆரம்பித்திருப்பார். இன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்தபடி டீயைக் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் கையிலேயே வைத்திருந்தார்.

"பாத்தியாலே?"

"பாத்தேன்."

"சொல்லு அப்ப."

லேத்துப் பட்டறை வாசலில் இசக்கியப்பன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நின்றான். ஷம்சுல் ஆலம் கிளச் பிளேட்டை எடுத்தார். கட்டை விரல் தானாகவே ஆணித்தலையைத் தேடிப் போனது. நகம் உள்ளே இறங்கியது.

"தேறாது அண்ணாச்சி."

இசக்கியப்பன் வாயைத் திறந்தான். ஷம்சுல் ஆலம் அவனைப் பார்த்த பார்வையில் பீடியை வாயில் வைத்துக்கொண்டான்.

"பிரஷர் பிளேட்டு?"

"அதும் தேறாது. சூடேறி வளைஞ்சு போச்சு."

"பேரிங்கு?"

ஷம்சுல் ஆலம் தயங்கினார். "பேரிங்கு தேறும்" என்றார். மூன்றுக்கும் சேர்த்துப் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"ஒத்தப் பேரிங்கை வச்சு என்ன செய்ய" என்றார் அய்யாத்துரை. "சரி. அடிக்க வேண்டியதை அடி."

பட்டறைக்கல்லில் பிளேட்டை வைத்து அடித்தார். முதல் அடி சரியாக விழாமல் சம்மட்டி வழுக்கிக் கல்லில் பட்டது. நாற்பத்தி மூன்று வருசத்தில் குறி தப்பினது அன்றைக்குத்தான். இரண்டாவது அடியில் லைனிங் பிளந்து தெறித்தது. உள்ளே கருகாத லைனிங் மண் நிறத்தில் புதுசாக இருந்தது. அதை யாரும் பார்ப்பதற்குள் புரட்டிப் போட்டு இன்னொரு அடி அடித்தார். பிரஷர் பிளேட்டுக்கு நாலு அடி தேவைப்பட்டது. காண்டஸாவுக்கு இனி இந்த ஜில்லாவில் எங்கே தேடினாலும் இன்னொன்று கிடைக்காது.

அய்யாத்துரை போனை எடுத்து, எண்ணைத் தேடித் தேடி அழுத்தினார்.

"ஏலே ஹரி. வண்டி போச்சுலே. ஆமா. சம்சு பாத்து அடிச்சிட்டான்." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "என்ன செய்ய, சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கில்லா. வந்து கூட்டிட்டுப் போ. நாளைக்கா? நாளைக்கே வாரியா? சரி, வா."

போனைப் பையில் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முகம் இளகிப் போயிருந்தது. பல நாள் தூங்காத மனுசன் தூக்கம் வந்து உட்கார்ந்திருக்கிற முகம். ஷம்சுல் ஆலத்துக்கு அதைப் பார்க்க ஆறுதலாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"வண்டியை என்ன செய்யலாம்?"

"இங்கனயே கெடக்கட்டும் அண்ணாச்சி. எடம் இருக்கு."

"ஒத்தையில நீ என்னலே செய்வ?"

"எனக்கென்ன. வண்டி வரும், போவும்."

வந்த ஆட்டோ காத்துக்கொண்டு நின்றது. ஷம்சுல் ஆலம் அவர் கையைப் பிடித்து எழுப்பி, சகதியில் கால் வழுக்காமல் கூட்டிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினார். ஃபிளாஸ்க்கை எடுத்து மடியில் வைத்தார். வேட்டி கம்பியில் மாட்டியிருந்ததை விடுவித்துவிட்டார். செய்வதற்கு வேறொன்றும் இல்லை.

அய்யாத்துரை குனிந்து வெளியே தலையை நீட்டினார். கண்ணாடி இல்லாத கண் நேராக அவரைப் பார்த்தது.

"போவாதீங்கன்னு நீ ஒரு வார்த்தை சொல்லலியே, சம்சு."

"சொன்னா நின்னுருவீயல்லா அண்ணாச்சி."

அய்யாத்துரை அந்தக் கிரீஸ் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கிளப்பட்டுமா என்று ஆட்டோக்காரர் இரண்டு தரம் கேட்ட பிறகுதான் விட்டார்.